அரக்னி: கலையிலும் இலக்கியத்திலும் ஒரு நெசவாளி

அரக்னி கிரேக்க, உரோமத் தொன்மங்களில் வரும் மானிடப் பெண். சிறிய ஆசியாவின் மேற்கில் இருந்த லிடியா நாட்டைச் சேர்ந்த நெசவாளி. நெசவுக்கும் அறிவுக்கும் உரிய தெய்வமாகிய அதீனாவுடன் நெசவுப் போட்டியில் இறங்கி, முடிவில் சிலந்தியாக மாற்றப்பட்டவள் என்று கதை கூறும். கிரேக்க மொழியில் ‘அரக்னி’ என்ற சொல்லின் பொருளே சிலந்திதான். சிலந்தி, தேள், உண்ணி முதலியவை அடங்கிய உயிரின வகுப்புக்கு விலங்கியலில் வழங்கும் ‘அரக்னிடா’ என்ற பெயரும் இதே சொல்லிலிருந்து பிறந்தது.

சிறுவர்க்கான கதைத் தொகுப்புகளில் இக்கதை பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு பெண் கர்வம் கொண்டாள், தெய்வத்தோடு போட்டியிட்டாள், தோற்றாள், சிலந்தியானாள். ஆகவே கர்வம் கூடாது. படிக்கும் மாணவருக்கும் இது போதுமானதாகத் தோன்றும். ஆனால் இக்கதையை முழுமையாகச் சொல்லி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூலில், அவள் தோற்றாள் என்று எங்கும் இல்லை. அவள் நெய்த துணியில் தெய்வத்தாலேயே குறை காண முடியவில்லை என்றுதான் இருக்கிறது. இந்த ஒரு செய்தியை அளவுகோலாக வைத்தே பின்வந்த கவிஞர்களையும் ஓவியர்களையும் மதிப்பிடலாம். அரக்னி பட்ட அடியைக் காட்டியவர்கள் பலர். அவள் நெய்த துணியைக் காட்டியவர்கள் மிகச் சிலர்.

ஓவிட் சொல்லும் கதை

உரோமக் கவிஞர் ஓவிட் இலத்தீனில் எழுதிய ‘உருமாற்றங்கள்’ 15 பகுதிகளைக் கொண்ட நெடுங்கவிதை. கி.பி. 8ஆம் ஆண்டையொட்டி நிறைவுபெற்றது. அதன் 6ஆம் பகுதி அரக்னியின் கதையோடு தொடங்குகிறது. ஏறத்தாழ 145 அடிகள். அதற்கு முன்பே வெர்ஜில் தம் வேளாண்மைக் கவிதையில் சிலந்தியை மினெர்வாவின் வெறுப்புக்கு ஆளானது என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே கதை முன்பே வழங்கியிருக்க வேண்டும். (உரோமர் அதீனாவை மினெர்வா என்றும் சீயஸை ஜூபிடர் என்றும் அழைத்தனர். இக்கட்டுரையில் கிரேக்கப் பெயர்களே பெரும்பாலும் பயன்படுத்தப்படுகின்றன.)

ஓவிட் முதலில் சொல்வது அரக்னியின் குடும்பநிலை. பெரிய குலத்தில் பிறந்தவள் அல்லள். தந்தை இட்மோன், கொலோஃபோன் ஊரில் கம்பளி நூலுக்கு ஊதாச் சாயம் ஏற்றுபவர். தாயும் எளிய குடியினள், காலமாகிவிட்டவள். இப்பைப்பா என்ற சிற்றூரில் சிறிய வீடொன்றில் வாழ்ந்த இப்பெண்ணின் பெயர் லிடிய நகரங்கள் எங்கும் பரவியிருந்தது. அவள் நெய்து முடித்த துணியை மட்டுமன்றி, நெய்துகொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று மலைகளிலும் ஆற்றங்கரைகளிலும் இருந்து வனதேவதைகள் வந்தனர். கம்பளியை உருட்டுவது, விரலால் இழுத்து நீட்டுவது, தக்களியைச் சுழற்றுவது என ஒவ்வொரு வேலையிலும் அழகு இருந்தது. கைத்தொழிலாளி ஒருத்தியின் கை அசைவை இவ்வளவு நிதானமாகப் பார்த்து எழுதிய பழங்கவிஞர்கள் குறைவு.

இந்த இடத்தில் அவளிடம் ஒரு குறையும் சொல்லப்படுகிறது. அவளைப் பார்த்தால் அதீனாவிடம் கற்றவள் என்று தெரியும் என்கிறார் கவிஞர். அவளோ அதை மறுக்கிறாள். தனக்கு அத்தகைய ஆசிரியர் இருந்ததாகச் சொன்னாலே அவளுக்குக் கோபம் வருகிறது. கற்பித்தவரை மறுப்பது எந்தப் பண்பாட்டிலும் நல்ல பெயர் வாங்கித் தராது. நீதிக்கதை ஆசிரியர்கள் பற்றிக்கொண்ட இடம் இதுவே. அவர்கள் பற்றிக்கொண்டதில் தவறும் இல்லை.

ஆனால் அதீனாவின் நோக்கத்தையும் ஓவிட் மறைக்கவில்லை. 5ஆம் பகுதியின் இறுதியில் கலைத்தேவியர் தங்களோடு பாட்டுப் போட்டிக்கு வந்த ஒன்பது பெண்களைப் பறவைகளாக மாற்றிய கதையை அதீனாவுக்குச் சொல்கின்றனர். அதைப் பாராட்டிக் கேட்ட அதீனாவுக்கு, பிறரைப் புகழ்ந்தால் மட்டும் போதாது, தானும் புகழப்பட வேண்டும், தன்னை மதியாதவரைத் தண்டிக்காமல் விடக்கூடாது என்று தோன்றுகிறது. அதன் பிறகே அவளுக்கு அரக்னியின் நினைவு வருகிறது. புகழாசை அரக்னிக்கு மட்டும் உரிய குற்றமாக இக்கவிதையில் இல்லை.

அதீனா நரைத்த கிழவி உருவில் கோலூன்றி வந்து அறிவுரை கூறுகிறாள். மனிதருக்குள் முதன்மையைத் தேடு, தெய்வத்திடம் மன்னிப்புக் கேள் என்கிறாள். அரக்னி சீறுகிறாள், தெய்வம் ஏன் நேரில் வரவில்லை என்று கேட்கிறாள். கிழவி உரு கலைகிறது. சுற்றியிருந்தோர் வணங்குகின்றனர். அரக்னியின் முகம் ஒருகணம் சிவந்து, விடியல் வானம் போல மீண்டும் வெளிறுகிறது. அச்சமோ பணிவோ வரவில்லை.

இரண்டு துணிகள்

பிறகு இரு தறிகள் நிறுத்தப்படுகின்றன. பாவு கட்டுவதும், நாடா ஊடையைக் கொண்டுசெல்வதும், பன்னை அடிப்பதும் வரிசையாக வருகின்றன. நெசவு அறிந்த வாசகர் இப்பகுதியில் தனி மகிழ்ச்சி அடைவார். வானவில்லில் ஒரு நிறம் எங்கே முடிந்து மறுநிறம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இருவர் துணியிலும் நிறங்கள் அவ்வாறு கலந்திருந்தன என்கிறார் ஓவிட்.

அதீனாவின் துணியில் நடுவே ஏதென்ஸ் நகரின் பெயருக்காகத் தானும் பொசைடனும் போட்டியிட்ட காட்சி. பன்னிரு தெய்வங்கள் உயர்ந்த ஆசனங்களில் அமர்ந்திருக்க, அதீனா ஒலிவ மரத்தை முளைக்கச் செய்து வெல்கிறாள். நான்கு மூலைகளிலும் தெய்வத்தோடு மோதி மலையாகவும் பறவையாகவும் கோயில் படிக்கல்லாகவும் மாறிய மானிடர்கள். ஓரத்தில் ஒலிவக் கிளைகள். எல்லாம் சமச்சீராக, நடுவும் மூலையும் விளிம்புமாக ஒழுங்குபட்டிருக்கின்றன. ஓர் அரசாங்கச் சுவரொட்டியின் தெளிவு இதில் இருக்கிறது. எதிரே அமர்ந்திருப்பவளுக்கு எச்சரிக்கையும் இருக்கிறது.

அரக்னியின் துணிக்கு நடு என்று ஒன்று இல்லை. காளை உருக்கொண்ட சீயஸ் ஐரோப்பா என்ற இளவரசியை ஏமாற்றிக் கடலில் தூக்கிச் செல்லும் காட்சி முதலில் வருகிறது. அவள் விட்டுவந்த கரையைத் திரும்பிப் பார்க்கிறாள், தோழியரைக் கூப்பிடுகிறாள், அலை தொட்டுவிடும் என்று கால்களை மேலே இழுத்துக்கொள்கிறாள். அடுத்தடுத்து அன்னமாக, பொன்மழையாக, நெருப்பாக, ஆட்டிடையனாக, பாம்பாக சீயஸ் வருகிறான். பின்னர் பொசைடன், அப்பல்லோ, டயோனிசஸ், இறுதியில் குதிரையாக வந்த குரோனஸ். மொத்தம் 21 காட்சிகள். ஆண் தெய்வங்கள் உருமாறி வந்து பெண்களை வஞ்சித்த கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. கவிதையும் இங்கு மூச்சு விடாமல் பட்டியலிடுகிறது. விளிம்பில் பூக்களும் ஐவிக் கொடியும்.

தெய்வங்களின் பெருமையைச் சொல்லும் துணிக்கு எதிராக, தெய்வங்களின் குற்றங்களைச் சொல்லும் துணி. அரக்னி வாயால் சொன்ன தற்பெருமை இதற்கு முன் ஒன்றுமே இல்லை. அவள் தறியில் சொன்னதுதான் பெரிது. அந்தக் குற்றங்கள் பொய் என்று அதீனாவும் சொல்லவில்லை.

துணியில் அதீனாவாலும் குறை காண முடியவில்லை, பொறாமையே உருவெடுத்து வந்தாலும் முடியாது என்று கவிஞர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அந்த வெற்றியைப் பொறுக்காமல் அதீனா துணியைக் கிழிக்கிறாள். கையிலிருந்த நாடாவால் அரக்னியின் நெற்றியில் மூன்று நான்கு முறை அடிக்கிறாள். நெசவுக் கருவியே ஆயுதமாகிறது. அவமானம் தாங்காமல் அரக்னி கழுத்தில் சுருக்கிட்டுக்கொள்கிறாள். அப்போது அதீனாவுக்கு இரக்கம் வருகிறது; உயிரோடு இரு, ஆனால் தொங்கிக்கொண்டே இரு, உன் வழிவந்தோருக்கும் இதுவே விதி என்று மூலிகைச் சாற்றைத் தெளிக்கிறாள். முடி உதிர்கிறது, மூக்கும் காதும் போகின்றன, மெலிந்த விரல்கள் கால்களாகின்றன, மீதி எல்லாம் வயிறு. அந்த வயிற்றிலிருந்து அவள் இன்னும் நூல் விட்டு நெய்கிறாள்.

ஓவிட்டையே அரக்னியாகக் காணும் வழக்கம் திறனாய்வாளரிடம் உண்டு. கி.பி. 8இல் அகஸ்டஸ் பேரரசர் அவரைக் கருங்கடற்கரையில் இருந்த டோமிஸ் நகருக்கு அனுப்பினார். ஒரு கவிதையும் ஒரு பிழையும் காரணம் என்று ஓவிட்டே பின்னர் எழுதினார். ஒப்புமை கவர்ச்சியானது. ஆயினும் அரக்னியின் கதை தண்டனைக்கு முன் எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. தமக்கு நேரப்போவதை அறிந்து எழுதினார் என்று கொள்வது வாசகரின் ஆசை. அதிகாரத்தின் முன் கலை நிற்கும் நிலையை அவர் முன்பே நன்றாக அறிந்திருந்தார் என்று மட்டும் சொல்லலாம்.

உரோமில் ஒரு கற்சிற்பம்

பழங்காலக் கலையில் அரக்னியின் உருவங்கள் அரிது. அவற்றுள் முக்கியமானது உரோம் நகரில் நெர்வா மன்றத்தின் எஞ்சிய தூண்களுக்கு மேல் உள்ள புடைப்புச் சிற்ப வரிசை. இம்மன்றத்தைக் கட்டத் தொடங்கியவர் மினெர்வாவைத் தம் காவல் தெய்வமாகக் கொண்ட டொமிஷியன் பேரரசர். அவர் கொல்லப்பட்ட பின் கி.பி. 97இல் நெர்வா அதைத் திறந்துவைத்தார். சிற்பத்தில் பெண்கள் நூற்கின்றனர், நெய்கின்றனர். ஓரிடத்தில் தெய்வம் கையை ஓங்கி நிற்க, ஒரு பெண் அதன் முன் தாழ்ந்திருக்கிறாள். அது அரக்னி என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. டொமிஷியன் பெண்களின் ஒழுக்கம் குறித்த பழைய சட்டங்களை மீண்டும் கடுமையாக்கியவர். அடங்கிய பெண்கள் வீட்டில் நூற்க, அடங்காதவள் அடிபடுகிறாள் என்ற பாடம் பொது இடத்தில் கல்லில் எழுதப்பட்டுவிட்டது. அரக்னியின் துணியில் என்ன இருந்தது என்பது இங்கு யாருக்கும் தேவைப்படவில்லை.

இடைக்கால ஐரோப்பாவில்

தாந்தே தம் ‘தெய்விக நாடக’த்தின் இரண்டாம் பகுதியில், 12ஆம் காண்டத்தில், அரக்னியைக் கர்வத்தின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக வைக்கிறார். தூய்மை மலையில் கர்வம் கொண்டவர்கள் பாறைகளைச் சுமந்து குனிந்து நடக்கும் தளத்தின் தரையில் அவள் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே பாதி சிலந்தியாகிவிட்டவள், தனக்கே கேடாக முடிந்த துணியின் கந்தல்கள்மேல் துயரத்தோடு இருக்கிறாள். நீதி சொல்ல வந்த இடத்திலும் தாந்தேயின் கண் அந்தக் கந்தல் துணியை விட்டுவிடவில்லை. அது அவருடைய பெருமை. 19ஆம் நூற்றாண்டில் இக்காட்சியை வரைந்த குஸ்தாவ் தொரே, பெண்ணுடலும் சிலந்திக் கால்களுமாக மல்லாந்து கிடக்கும் பயங்கர உருவத்தை முன்னே நிறுத்தினார். தாந்தேயும் வெர்ஜிலும் அருகே நின்று பார்க்கின்றனர். இன்று இணையத்தில் அரக்னியைத் தேடுவோருக்கு முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இப்படமே. வரைதிறன் உயர்ந்தது, ஆனால் பார்ப்பவர் மனத்தில் எஞ்சுவது அருவருப்பு மட்டுமே.

மற்றொரு மரபும் இருந்தது. உரோம அறிஞர் பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் சணல் நாரையும் வலையையும் கண்டுபிடித்தவள் அரக்னி என்று ஒரு வரியில் குறித்தார். அதைப் பின்பற்றி 14ஆம் நூற்றாண்டில் போக்காச்சியோ புகழ்பெற்ற பெண்களைப் பற்றிய தம் நூலில் அவளுக்கு இடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவளது கர்வத்தைக் கண்டிக்கவும் மறக்கவில்லை. பிரான்சில் வாழ்ந்த எழுத்தாளர் கிறிஸ்டீன் தெ பிசான் 1405இல் எழுதிய ‘பெண்களின் நகரம்’ நூலில் இதே செய்தியை எடுத்து, சாயமேற்றுதல், சித்திரத் திரைச்சீலை நெய்தல், சணல் வளர்த்து நூலாக்குதல் ஆகியவற்றை உலகுக்குத் தந்தவள் என்று அவளைப் போற்றினார். பெண்களின் அறிவால் மனிதகுலம் பெற்ற நன்மைகளுக்கு அவள் சான்றாகிறாள். சுவையான செய்தி என்னவென்றால், இதே கிறிஸ்டீன் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘ஒத்தேயாவின் மடல்’ நூலில் அரக்னியைத் தற்பெருமை கூடாது என்பதற்கே உதாரணமாகக் காட்டியிருந்தார். ஒரே எழுத்தாளர், ஒரே பெண், இரண்டு பாடங்கள்.

ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் 1590ஐ ஒட்டி வெளியிட்ட ‘மியூயோபோட்மோஸ்’ என்ற வண்ணத்துப்பூச்சிக் கவிதையில் கதையின் முடிவையே மாற்றினார். அவருடைய அரக்னி ஐரோப்பாவின் காட்சியை மட்டும் நெய்கிறாள். அதீனா தன் துணியின் ஒலிவ இலைகளுக்கிடையே ஒரு வண்ணத்துப்பூச்சியை நெய்கிறாள். அது உயிருள்ளது போலிருப்பதைக் கண்டு அரக்னி வாயடைத்துத் தோல்வியை ஒப்புக்கொள்கிறாள். உள்ளே பொங்கிய பொறாமையே அவளைச் சிலந்தியாக்குகிறது. அடியும் இல்லை, கிழிப்பும் இல்லை. தெய்வத்தின்மேல் எந்தக் களங்கமும் ஒட்டாதபடி ஸ்பென்சர் பார்த்துக்கொண்டார். கவிதை அழகானதுதான். ஆனால் 21 காட்சிகள் ஒன்றாகச் சுருங்கியதும், தீர்ப்பு தலைகீழானதும் ஒரே நேரத்தில் நடந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. துணி முழுமையாகத் தெரிந்தால் தீர்ப்பை மாற்றுவது கடினம்.

அடியை வரைந்தவர்

ஃபிளாண்டர்ஸ் ஓவியர் ரூபன்ஸ், ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் வேட்டை மாளிகையான தோரே தெ லா பராதாவுக்காக ஓவிட்டின் கதைகளை வரிசையாக வரைந்து தந்தார். அதற்காக 1636–37இல் அவர் தீட்டிய அரக்னி முன்வரைவு இப்போது அமெரிக்காவின் விர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதீனா முழுவேகத்தோடு கையை ஓங்குகிறாள். அரக்னி சரிந்து விழுகிறாள். பின்னால் ஐரோப்பாவைக் காளை சுமக்கும் திரைச்சீலையும் தெரிகிறது. சில தீற்றல்களில் முழுக் கோபத்தையும் கொண்டுவந்த கை அது. ஆயினும் கண் போவது ஓங்கிய கைக்குத்தான்; துணி பின்புலமாக நின்றுவிடுகிறது.

இதன் பெரிய பிரதி ஒன்றை வெலாஸ்கெஸின் மருமகன் மாசோ வரைந்தார். அது மத்ரித் அரண்மனையின் ஓர் அறையில் தொங்கியது. அந்த அறைதான் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த புகழ்பெற்ற ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் களம். அவ்வோவியத்தில் பின்சுவரில் மங்கலாகத் தெரியும் இரு பெரிய படங்களில் ஒன்று அடிபடும் அரக்னியே. ஆகவே வெலாஸ்கெஸ் இக்கதையைத் தாமே வரைய எடுத்தபோது, அடி விழும் கணத்தை அவர் நாள்தோறும் பார்த்துப் பழகியிருந்தார். அவர் வேறு கணத்தைத் தேர்ந்தெடுத்தார்.

சிலந்தி மட்டும் எஞ்சியபோது

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், காலவரிசையை மீறி, 20ஆம் நூற்றாண்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1980களில் பெண்ணியத் திறனாய்வாளர்கள் அரக்னியை மீண்டும் கையிலெடுத்தனர். அமெரிக்கத் திறனாய்வாளர் நான்சி மில்லர் 1986இல் எழுதிய கட்டுரையில், எழுத்தை ஒரு வலையாகவும், எழுதுபவர் அவ்வலைக்குள் கரைந்து மறைந்துபோகும் சிலந்தியாகவும் பேசிய அக்காலக் கோட்பாட்டை எதிர்த்தார். வலையைப் பற்றிப் பேசுவோர் நெய்த பெண்ணை மறந்துவிடுகின்றனர் என்பது அவரது வாதம். நியாயமான வாதம்.

சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 1999இல் உருவாக்கிய ‘மாமன்’ என்னும் சிலந்திச் சிற்பம் 9 மீட்டருக்கு மேல் உயரமுள்ளது. பிரெஞ்சு மொழியில் அம்மா என்பது அப்பெயரின் பொருள். வயிற்றடியில் உள்ள பையில் சலவைக்கல் முட்டைகள் உள்ளன. பூர்ஷ்வாவின் குடும்பம் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் சீர்செய்து விற்றது. தாய் அவ்வேலையில் தேர்ந்தவர். சிலந்தி அந்தத் தாய்க்கு அஞ்சலி என்று சிற்பியே விளக்கியிருக்கிறார். இச்சிற்பத்தை நேரடியாக அரக்னி என்று சொல்லிவிடக் கூடாது. இருந்தாலும், கிழிந்த திரைச்சீலையை ஊசியும் நூலும் கொண்டு ஒட்டவைத்த ஒரு பெண்ணின் நினைவாக நிற்கும் சிலந்தி, தொரே வரைந்த சிலந்தியிலிருந்து வெகுதொலைவு வந்துவிட்டது.

வெலாஸ்கெஸின் ‘நூற்கும் பெண்கள்’

மத்ரித்தின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள இவ்வோவியம் 1650களின் பிற்பாதியில் வரையப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளாக இதைப் பார்த்தவர்கள் ஒரு திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் அன்றாடக் காட்சி என்றே எண்ணினர். ‘நூற்கும் பெண்கள்’ என்ற பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதே. மன்னரின் வேட்டைப் பணியில் இருந்த பெத்ரோ தெ ஆர்சே என்பவரின் 1664ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் 1940களின் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் வெலாஸ்கெஸ் வரைந்த அரக்னியின் கதை என ஒரு படம் இருந்தது. அதே காலத்தில் கலை வரலாற்றாளர் தியேகோ அங்கூலோவும் ஓவியத்தின் உள்ளேயே அக்கதை இருப்பதை எடுத்துக்காட்டினார்.

முன்புறத்தில் ஐந்து பெண்கள் வேலை செய்கின்றனர். இடப்புறம் வெள்ளை முக்காடிட்ட முதியவள் இராட்டை சுற்றுகிறாள். சக்கரம் சுழலும் வேகத்தில் ஆரக்கால்கள் மறைந்து வெறும் ஒளிவட்டமாகத் தெரிகிறது. வலப்புறம் வெள்ளைச் சட்டை அணிந்த இளம்பெண் நமக்கு முதுகு காட்டி நூல் சுற்றுகிறாள். நடுவில் குனிந்திருப்பவளின் முகம் நிழலில் கரைந்துவிட்டது. தரையில் பஞ்சு போன்ற கம்பளித் துணுக்குகள், ஒரு பூனை. இதற்குப் பின்னால், இரண்டு படி உயரத்தில், மேடை போன்ற ஒளிநிறைந்த சிற்றறை. அங்கே தலைக்கவசம் அணிந்த அதீனா கையை உயர்த்தி நிற்கிறாள். எதிரே அரக்னி. அவளுக்குப் பின்னால் சுவர் நிறைய அவள் நெய்த துணி. நாகரிக உடை அணிந்த மூன்று சீமாட்டிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஒருத்தி திரும்பி நம்மைப் பார்க்கிறாள்.

கை உயர்ந்திருக்கிறது, இன்னும் இறங்கவில்லை. துணி முழுதாக இருக்கிறது. ரூபன்ஸ் தேர்ந்ததற்கு ஒரு மூச்சு முந்திய கணம் இது.

முன்புறப் பெண்களும் கதையின் பாத்திரங்களே என்பது அங்கூலோவின் கருத்து. முதியவள் மாறுவேடத்து அதீனா. அதனால்தான் நரைத்த தலைக்குக் கீழே இளமையான கால் தெரிகிறது. முதுகு காட்டுபவள் அரக்னி. இதை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. ஏற்காமல் விட்டாலும் ஓவியத்துக்கு நட்டமில்லை. நூற்பவர் பெயரற்ற கூலிப் பெண்கள் என்று கொண்டால், பின்னறையின் கலை முழுதும் இவர்கள் கைவேலையின் மேல்தான் நிற்கிறது என்ற பொருள் இன்னும் வலுவாகக் கிடைக்கிறது. ஓவியத்தின் ஐந்தில் நான்கு பங்கு உழைப்பு, ஒரு பங்கு தொன்மம்.

பின்னறைத் துணியில் இருப்பது ஐரோப்பாவின் காட்சி. அது வெலாஸ்கெஸ் கற்பனை செய்ததன்று. வெனிஸ் ஓவியர் டிஷியன் இரண்டாம் பிலிப் மன்னருக்காக 1562இல் முடித்துக்கொடுத்த ஓவியத்தின் நகல். அப்போது அது மத்ரித் அரண்மனையில் இருந்தது. இன்று பாஸ்டனில் உள்ளது. 1628–29இல் மத்ரித் வந்திருந்த ரூபன்ஸ் அதை அப்படியே பிரதி எடுத்திருந்தார். வெலாஸ்கெஸ் தாம் பெரிதும் மதித்த ஓவியரின் படைப்பைக் கொண்டுபோய் அரக்னியின் தறியில் மாட்டிவிட்டார். தெய்வமே குறை காண முடியாத துணி எப்படி இருக்கும் என்று கேட்டால், டிஷியனின் ஓவியம் போல இருக்கும் என்பது அவர் விடை. அரக்னிக்கு ஓர் ஓவியர் தந்த மரியாதைகளில் இதைவிடப் பெரியது இல்லை. ஓவியம் கைத்தொழிலா உயர்கலையா என்ற வழக்கு ஸ்பெயினில் அப்போது உயிரோடு இருந்தது. வெலாஸ்கெஸ் 1659இல் சந்தியாகோ வீரர் குழுவில் சேர்க்கப்பட்டபோது, அவர் கூலிக்கு வரையும் கைத்தொழிலாளி அல்லர் என்று சாட்சிகள் சொல்ல வேண்டியிருந்தது. அத்தகைய மனிதர் இராட்டையையும் சிக்குப்பிடித்த கம்பளியையும் முன்னே வைத்து வரைந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒரு குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. ஓவிட்டின் கவிதையில் ஐரோப்பாவின் காட்சி ஒரு குற்றச்சாட்டு. டிஷியனின் ஓவியமோ ஒரு மன்னரின் மகிழ்ச்சிக்காக வரையப்பட்டது. அதிலும் ஐரோப்பா அஞ்சுகிறாள், கரையில் தோழியர் கை நீட்டுகின்றனர். இருந்தாலும் பொன்னொளியும் சிறகடிக்கும் குழந்தைத் தேவர்களும் அந்த அச்சத்தை இனிப்பாக்கிவிடுகின்றன. வெலாஸ்கெஸ் அதை எடுத்து வைத்தபோது அரக்னியின் திறமைக்கு மாலை விழுந்தது. அவள் சொல்ல வந்த வழக்கு மங்கியது. மீதி 20 காட்சிகளுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. துணியைக் காட்டிய ஓவியரும் துணி சொன்னதைப் பாதிதான் காட்டினார்.

ஓவியத்தின் நான்கு ஓரங்களிலும் 18ஆம் நூற்றாண்டில் யாரோ துணிப் பட்டைகளை ஒட்டிப் பெரிதாக்கியிருந்தனர். மேலே ஒரு வளைவும் வட்டச் சாளரமும் கூடுதலாக வந்தன. அவற்றால் பின்னறை இன்னும் உள்ளே தள்ளிப்போனது போல் தெரிந்தது. 2021இல் பிராடோ அருங்காட்சியகம் அந்த ஒட்டுப் பகுதிகளைச் சேதப்படுத்தாமல் மறைக்கும் புதிய சட்டகம் அமைத்து, வெலாஸ்கெஸ் வரைந்த அளவிலேயே ஓவியத்தைக் காட்டத் தொடங்கியது. இப்போது எதிரே நிற்பவருக்கு அரக்னியின் துணி முன்னைவிட அருகில் தெரிகிறது.